காடு மீட்பு வேலையில் எதிர்ப்பட்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செம்மண்காரன் (திண்டிவனம்)

மரம் நட்டு போட்டோ போடுகிறவர்கள் நிறைய. அந்த இடத்தில் முன்பு என்ன காடு இருந்தது என்று விசாரித்து, அதே மரத்தைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர்கள் இங்கே இருந்தால் எழுதுங்கள். வேலையில் எதிர்ப்பட்ட மனிதர், பிராணி, சண்டை எதுவானாலும் சரி. நானே தொடங்குகிறேன்.

எங்கள் பக்கத்துக் காட்டை வறண்ட பசுமைமாறாக் காடு என்பார்கள். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய காடு. வீரை, உலக்கைப்பாலை, காயா, இரும்புலி, காட்டு எலுமிச்சை எல்லாம் நெருக்கியடித்து நிற்கும். பெரிய உயரம் போகாது, ஆனால் சித்திரை வெயிலிலும் பச்சை மாறாது. விறகுக்கும் கரிக்கும் போனது போக, மிச்ச நிலத்தை முந்திரியும் சவுக்கும் எடுத்துக்கொண்டன. இன்று கொஞ்சமாவது இருக்கிறதென்றால் பெரும்பாலும் அய்யனார் புண்ணியம். புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வெந்துகொண்டே வந்து அந்த நிழலுக்குள் கால் வைத்தால் சட்டென்று உடம்பு ஆறிவிடும்.

அதைவிடச் சின்ன ஒரு கோயில் காட்டுக்கு வீரைப் பழம் பொறுக்கப் போயிருந்தோம். துணிப்பையைப் பார்த்ததுமே ஒரு பெரியவர் தடியோடு வந்துவிட்டார். “யாருய்யா நீங்க? சாமி காட்டுல கை வெக்கிறது?” அங்கிருந்து சுள்ளிகூட வீட்டுக்குப் போகாதாம், கோயிலில் பொங்கல் வைக்க மட்டும்தான் எரிக்கலாமாம். நாற்று போட என்று விளக்கினோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “கீழ விழுந்தத எடுத்துக்க. மரத்த உலுக்காத. ஒரு பங்கு காக்கா குருவிக்கு விட்டுடு.” கல்லூரிப் படிப்பில் யாரும் எங்களுக்கு இவ்வளவு சுருக்கமாக விதை சேகரிப்பு விதி சொல்லித் தந்ததில்லை.

அடுத்த வருஷம் போனபோது அவரே பழத்தைப் பொறுக்கித் துண்டில் முடிந்து வைத்திருந்தார். எப்போது பொறுக்கியதோ, பாதி பூசணம் பிடித்திருந்தது! இந்தக் காட்டு விதைகள் பலவற்றை நெல் மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. சதையைக் கழுவி, நிழலில் ஆறவிட்டு, கையோடு போட்டுவிட வேண்டும். அவரிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்தோம். மிச்சப் பாதியில் முளைத்தவை நன்றாகவே வந்தன.

நர்சரி அக்கா (வானூர்)

நான் நாத்துப்பண்ணையில கூலி வேலைக்குப் போனவ. இப்ப அதே பண்ணையில விதைக் கணக்கு என் கையில.

ஆரோவில் 1968ல ஆரம்பிச்சப்ப அந்த மேடு எப்படிக் கிடந்துச்சுன்னு எங்கம்மா சொல்லும். அங்க நின்னா கடல் தெரியுமாம், நடுவுல மறைக்க மரம் கிடையாதாம். மழை பேஞ்சா செம்மண்ணு பூரா ஓடையில இறங்கி கடலுக்குப் போயிரும். வந்தவங்களும் நம்ம ஊர் ஜனங்களும் சேர்ந்து முதல்ல வரப்புதான் போட்டாங்க. மண்ணு நிக்கணும், தண்ணி நிக்கணும், அப்புறம்தான் மரம். சீக்கிரம் நிழல் வேணும்னு ஆஸ்திரேலிய வேல மரத்தையும் வெச்சாங்க. அதுக்கடியில நம்ம மரம் மெதுவா ஏறிச்சு.

2011 டிசம்பர் 30, தானே புயல். காலையில கதவத் திறந்தா ஊரே வெளிச்சமா இருக்கு, மறைக்க ஒண்ணுமில்ல. முந்திரித் தோப்பு வேரோட சாஞ்சு கிடக்கு. அந்த வேல மரமும் வரிசையா படுத்துருச்சு. நான் தலையில கை வெச்சு உக்காந்துட்டேன். அப்புறம் கிளைய வெட்டி வழி பண்ணிட்டு உள்ள போனா, அடியில நாங்க வெச்ச வீரையும் காயாவும் கிளை ஒடிஞ்சு, இலை உதிர்ந்து, ஆனா நின்னுக்கிட்டு இருக்கு. மேல இருந்த நிழல் போனதும் சிலது விறுவிறுன்னு ஏற ஆரம்பிச்சுது.

கன்னு வாங்க வர்றவங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், “சீக்கிரம் வளர்றது எதும்மா?” வீரை வருஷத்துக்கு ஒரு சாண் ஏறினாலே பெரிசு. பொறுமை இல்லாதவங்களுக்கு நான் புங்கங்கன்னு குடுத்து அனுப்பிடுவேன்.

கிரிவலப்பாதை (திருவண்ணாமலை)

எங்கள் மலையில் நடுவதைவிட அணைப்பதுதான் பெரிய வேலை. மழைக்காலத்தில் ஆள் உயரம் வளர்ந்த புல், மாசி பங்குனியில் காய்ந்து தீக்குச்சிக்குக் காத்திருக்கும். அணையாத பீடித்துண்டு ஒன்று போதும், ஐந்தாறு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த கன்றெல்லாம் ஒரே ராத்திரியில் சாம்பல்.

ஒரு பௌர்ணமி இரவு சரிவில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கிரிவலக் கூட்டத்தில் சிலர் ஜோதி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாங்கள் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். அந்தத் தண்ணீர் குடிக்கத்தான். தீயை அடிப்பது பச்சைக் கொப்பால். தீ மேல்நோக்கி ஏறும்போது அதற்கு முன்னால் போய் நிற்கவே கூடாது. எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து தொடங்கி, இரண்டு ஓரமாக அடித்து அடித்து நெருக்க வேண்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக அடித்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்ப்பவர். புதுப்புல் வரட்டும் என்று தீ வைப்பதே மேய்ப்பவர்கள்தான் என்பது ஊரில் பொதுவான பேச்சு. சில இடத்தில் அது உண்மையும்தான். தீ அடங்கியபின், கனன்றுகொண்டிருந்த கட்டைகளைக் கிளறி மண் போட்டபடி அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “புல்லு எரிஞ்சா மழை வர்ற வரைக்கும் என் ஆடு எதத் தின்னும் சார்? உங்களுக்குச் செடி போச்சு, எனக்குச் சோறு போச்சு” என்றார்.

இப்போது பொங்கல் முடிந்ததும் தீத்தடுப்புக் கோட்டுக்குப் புல் அறுக்கும் வேலைக்கு அவர் வீட்டிலிருந்துதான் முதலில் ஆள் வருகிறது. அறுத்த புல் ஆட்டுக்கு. எங்கே புதுக்கன்று வைத்திருக்கிறோம், எந்தப் பக்கம் மந்தையை விடக் கூடாது என்று எங்கள் ஆட்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஏரிக்கரை (சென்னை)

என்னுடையது கசப்பான அனுபவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடுவிழா. டி-ஷர்ட், பேனர், ட்ரோன், சாம்பார் சாதம். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கன்று வைத்தார்கள். கோடையில் போய்ப் பார்த்தேன். குச்சி குச்சியாக நின்றதில் ஒன்றைப் பிடுங்கினால் கருப்புக் கவரோடு வருகிறது! அடுத்த ஆண்டு அதே குழியில் மறுபடி விழா. இதற்கும் நீங்கள் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் செய்தியில் இரண்டும் ஒரே தலைப்பில்தான் வருகிறது.

நர்சரி அக்கா (வானூர்)

கவரக் கிழிக்காம நட்டா அது செடிக்குச் சமாதி தம்பி. நாங்க கன்னு குடுக்கும்போது கவரத் திருப்பிக் கேப்போம். கவர் வரலைன்னா அடுத்த தடவை கன்னு இல்ல. இதுக்காக என்கிட்ட சண்டை போட்டவங்க உண்டு.

சருகு (புதுச்சேரி)

நான் மண்வெட்டி பிடித்தவன் இல்லை, பறவை பார்க்கிறவன். ஐப்பசி மழை தொடங்கும்போது ஆறுமணிக்குருவி எங்கள் பக்கம் வந்து சேரும். வடக்கே இனப்பெருக்கம் முடித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. பறந்த களைப்பில் வீட்டுக் கொல்லையிலும் மாடிப்படிக்கடியிலும் சுருண்டு கிடக்கும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள்.

தரையில் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கித் தின்னும் பழக்கம் அதற்கு. வரிசை கட்டி நட்டு, அடியில் சுத்தமாகப் பெருக்கி வைக்கிற தோப்பில் அதற்கு வேலையில்லை. மீட்டெடுத்த காடு ஒன்றில், காட்டு எலுமிச்சைப் புதருக்கடியில் அதைப் பார்த்தேன். குட்டை வால் ஆட, இலையை அலகால் தூக்கி ஓரமாக எறிந்துவிட்டு அடியில் பார்க்கிறது, அப்புறம் அடுத்த இலை. பச்சை முதுகு சருகோடு கலந்துவிட, திரும்பும்போது மட்டும் வயிற்றுச் சிவப்பு தெரிந்தது. அந்த இடத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யட்டுமா என்று காவலர் கேட்டார். கும்பிட்டுத் தடுத்தேன்.

செம்மண்காரன் (திண்டிவனம்)

சருகு சொன்னதைப் பிரிண்ட் எடுத்து எங்கள் குழு ஷெட்டில் ஒட்டப் போகிறேன். எங்களிலும் துடைப்பத்தோடு அலைகிற ஒருவர் இருக்கிறார்.

உலக்கைப்பாலை பழுக்கிற சமயம் யாருக்காவது கோயில் காட்டுப் பக்கம் போக நேர்ந்தால், தின்றுவிட்டுக் கொட்டையைத் துப்பாமல் கொண்டு வாருங்கள். உதட்டில் பால் ஒட்டும், தேங்காய் எண்ணெய் தடவினால் போய்விடும். பதிலுக்கு உசிலை விதை எங்களிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. சந்தனக் கன்று கேட்கிறவர்கள் பக்கத்தில் துணைச்செடி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள், தனியாக வைத்தால் அது தேறாது.