கால்மிதி தையல் மெஷினைப் பரண்ல ஏத்தணும், வழி சொல்லுங்க

நித்யகல்யாணி:
அம்மா தைச்ச கால்மிதி மெஷின், வார்ப்பிரும்பு ஸ்டாண்டு. விற்க மனசு வரல, கீழே இடமும் இல்லை. பரண் தரையிலிருந்து 7 அடி உயரம், காங்கிரீட். தூக்க நானும் தம்பியும்தான். சும்மா கிடக்கிற ஃபேன் கொக்கியில கப்பி மாட்டி இழுத்துடலாம்ங்கிறான். சரியா வருமா?

வடக்கயிறு:
கொக்கியைத் தொடாதீங்க. மேலே ஒரே கப்பி போட்டா பாரம் குறையாது, இழுக்கிற திசைதான் மாறும். மெஷின் 40 கிலோன்னு வச்சுக்குங்க. நீங்களும் 40 கிலோ பலத்துல இழுக்கணும். ரெண்டும் சேர்ந்து கொக்கி மேல 80 கிலோ. கயிறு வெடுக்குன்னு நின்னா அதுக்கும் மேல. அது எவ்வளவு தாங்கும்னு கீழே நின்னு பார்த்துச் சொல்ல முடியாது.

தச்சன் மகள்:
முழுசா ஏன்மா ஏத்தணும்? பிரிச்சுடு. முதல்ல பெல்ட்டைக் கழட்டு. தலையை, அதான் மேலே இருக்கிற தைக்கிற பாகத்தை, பின்னால சாய்ச்சா அடியில, கீல் முள் நுழையற இடத்துல, சின்ன ஸ்குரூ ரெண்டு இருக்கும். லூஸ் பண்ணினா போதும், தலை தனியா வந்துடும். தம்பி தலையை விடாம பிடிச்சுக்கணும். பலகை, அடியில இருக்கிற ஸ்குரூவைக் கழட்டினா வந்துடும்.

நித்யகல்யாணி:
அக்கா, தலை வந்துடுச்சு! ஸ்குரூவோட வெட்டுல நூல் பஞ்சும் காஞ்ச எண்ணெயும் இறுகிக் கிடந்துச்சு, ஊசியால நோண்டி எடுத்த பிறகுதான் திருப்புளி பிடிச்சுது. பலகையும் கழட்டியாச்சு. ஸ்டாண்டு போல்ட்டுதான் துருப்பிடிச்சு அசையல. சுத்தியலால தட்டவா? இல்லைன்னா ஸ்டாண்டை அப்படியே தோள்ல வச்சு ஏணியில ஏறிடறேன்ங்கிறான் தம்பி.

தச்சன் மகள்:
சுத்தியல் வேண்டவே வேண்டாம். வார்ப்பிரும்பு வளையாது, விண்டுடும். துரு விடற எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விடு. காலையில அளவு சரியான ரிங் ஸ்பேனர் போட்டுத் திருப்பு. கொறடு போட்டா போல்ட் தலை மழுங்கிடும்.

வடக்கயிறு:
தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க: ஏணியில ஏறும்போது ரெண்டு கால், ஒரு கை, இல்லைன்னா ரெண்டு கை, ஒரு கால் எப்பவும் ஏணியில இருக்கணும். தோள்ல இரும்பை வச்சுக்கிட்டு அது நடக்காது. ஏணியில போட்டிருக்கிற எடையும் ஆள், பாரம் ரெண்டும் சேர்த்துத்தான்.

பரணுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, ஆடாத கனமான மேஜை போடுங்க. ரெண்டு பேரும் மேலே நின்னு சாமானை அசைச்சாலும் அது தாங்கணும். ஸ்டூல், பிளாஸ்டிக் நாற்காலி கிட்டவே வரக்கூடாது. ஒவ்வொண்ணா முதல்ல மேஜை மேல வைங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் ஏறி நில்லுங்க. இரண்டரை அடி மேஜைன்னா பரண் விளிம்பு தோள் உயரத்துக்கு வந்துடும், தலைக்கு மேல தூக்க வேண்டியிருக்காது. முன் விளிம்புல வச்ச உடனே கையை எடுக்காதீங்க. வெளியே நீட்டிக்கிட்டிருக்கிற பக்கம் கனமா இருந்தா அப்படியே திரும்பி உங்க மேல சாயும். பாதிக்கு மேல உள்ளே போன பிறகு விடுங்க. கீழே குழந்தைங்க யாரும் நிக்க வேண்டாம்.

நித்யகல்யாணி:
எண்ணெய் வேலை செஞ்சுடுச்சு, போல்ட் எல்லாம் வந்துடுச்சு. அண்ணா சொன்ன மாதிரியே கால், மிதி, பலகை எல்லாம் ஏத்தியாச்சு. தலையை எப்படி வைக்கிறது?

தச்சன் மகள்:
இரும்புத் துண்டுகளைப் பலகை மேல படுக்க வச்சு சுவர்ப் பக்கம் தள்ளு, முன் விளிம்புல பாரம் வேண்டாம். தலைக்கு மெஷின் எண்ணெய் பூசி, பழைய துண்டுல சுத்தி, நேரா நிக்க வை. எண்ணெய் கசியும், அடியில பாலித்தீன் விரிச்சுடு. கழட்டின ஸ்குரூ, போல்ட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மிதியோடவே கட்டிடும்மா.