பஃபர் உங்களுக்கு எப்போது பிடிபட்டது?

ரெக்கார்டு நோட்டு:

பஃபர் என்றால் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஹெச்சை எளிதில் மாறவிடாத கரைசல். அதன் பிஹெச்சைக் கணக்கிடும் ஹெண்டர்சன்–ஹாசல்பாக் சமன்பாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அது உண்மையில் எந்த நாளில், எதைப் பார்த்துப் புரிந்தது என்று சொல்லுங்களேன். முதலில் நான்.

இளநிலை உயிர்வேதியியல், இரண்டாமாண்டு. கிளைசின் என்ற அமினோ அமிலத்தை ஃபார்மால் தரம்பார்த்தல் முறையில் அளவிடும் சோதனை. செய்முறையைப் படிக்காமல் போயிருந்தேன். பெயரிலேயே அமிலம் இருக்கிறது, சோடியம் ஹைட்ராக்சைடை விட்டால் தீர்ந்தது என்ற தெனாவட்டு. கூம்புக்குடுவையில் 10 மில்லி கிளைசின், காரத்தில் ரோஜா நிறம் காட்டும் ஃபினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு. பியூரெட்டைத் திறந்தால் அரை மில்லியிலேயே லேசான ரோஜா நிறம் வந்துவிட்டது. குறித்துக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரன் 2 மில்லி என்றான். அவன் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும் என்று விட்டிருக்கிறான். கிளைசின், காரம் இரண்டுமே ஒரே செறிவு, 0.1 நார்மல்தான். வந்திருக்க வேண்டியது 10 மில்லி.

மேடம் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நிறம் மாறணும்டா. உன்னோடது ஊறிக்கிட்டு இருக்கு" என்றார்.

கிளைசினின் அமினோ தொகுதியின் பிகேஏ, அதாவது பாதிப் பங்கு தன் புரோட்டானை விட்டிருக்கும் பிஹெச், 9.6. ஃபினால்ஃப்தலீனோ 8.2-ஐத் தாண்டியதுமே நிறம் காட்டத் தொடங்கிவிடும். பிஹெச் 8.3-இல் கிளைசினில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் புரோட்டானை விட்டிருக்கும். அதுதான் என் அரை மில்லி. பிஹெச் 9-இல் நூற்றுக்கு இருபது. அது அவனுடைய 2 மில்லி. அதற்கு மேல் ஊற்ற ஊற்ற கிளைசின் காரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், பிஹெச் எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறும். நாங்கள் முடிவுப்புள்ளியைத் தேடிக்கொண்டிருந்த இடமே ஒரு பஃபர்! தாங்கல் கரைசல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சொல் அன்றைக்குத்தான் அர்த்தமாயிற்று. தாங்குகிறது, நிஜமாகவே தாங்குகிறது.

அப்புறம் ஃபார்மலினை, அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசலை, ஊற்றச் சொன்னார் மேடம். ரோஜா நிறம் சட்டென்று காணாமல் போனது. ஃபார்மால்டிஹைடு அமினோ தொகுதியைப் பிடித்துக்கொள்வதால் புரோட்டானை வைத்துக்கொள்ளும் பிடி தளர்ந்துவிடுகிறது, மிகக் குறைந்த பிஹெச்சிலேயே விட்டுவிடுகிறது. இப்போது முடிவுப்புள்ளி ஒரே சொட்டில் வந்தது. ஆனால் 11 மில்லிக்கு மேல். ஏன் என்றால், ஃபார்மலினில் எப்போதும் கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் கிடக்கும், அதை முன்கூட்டியே நடுநிலையாக்கியிருக்க வேண்டும். செய்முறையின் முதல் வரியே அதுதான்.

இந்தச் சோதனையைத் தந்த சோரன்சன்தான் 1909-இல் பிஹெச் அளவுகோலையும் தந்தவர், கோபன்ஹேகனில் ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்துகொண்டு. இதை வைவாவில் சொல்லித்தான் தப்பித்தேன்.

ஜெல் ஓட்டுபவள்:

என் அவமானமும் கிளைசினால் வந்ததுதான்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் மாதம். புரதங்களை மின்சாரத்தால் ஓட்டி அளவுப்படி பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல்லுக்கு ரன்னிங் பஃபர் போடச் சொன்னார்கள். டிரிஸ் என்ற காரம், கிளைசின், எஸ்டிஎஸ் என்ற சோப்பு மாதிரிப் பொருள், அவ்வளவுதான். எடை போட்டுக் கரைத்தால் பிஹெச் தானாகவே 8.3-ஐ ஒட்டி வந்து நிற்கும். நானோ பிஹெச் மீட்டரை அளவுதிருத்தாமல் வைத்துப் பார்த்தேன். 8.9 காட்டியது. பொறுப்பான பெண் இல்லையா, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு 8.3-க்குக் கொண்டுவந்தேன். அன்று ஓட்டிய ஜெல் கையில் தொட முடியாத சூடு. பட்டைகள் எல்லாம் ஈரத்துணியில் மை சிந்தியது போல. சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அமிலம் ஊத்துனியா?"

ஊற்றக் கூடாததற்குக் காரணம் அந்த அமிலத்தில் இருக்கும் குளோரைடு. மேல் அடுக்கு ஜெல் பிஹெச் 6.8. அங்கே கிளைசின் ஏறக்குறைய முழுவதும் சுவிட்டர் அயனி. ஒரு பக்கம் நேர்மின்சுமை, மறுபக்கம் எதிர்மின்சுமை, கூட்டினால் ஒன்றுமில்லை. ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் எதிர்மின்சுமையோடு இருக்கும். அதனால் கிளைசின் பின்தங்குகிறது, ஜெல்லுக்குள் இருக்கும் குளோரைடு முன்னால் ஓடுகிறது, இரண்டுக்கும் நடுவில் புரதங்கள் நெருக்கப்பட்டு மெல்லிய கோடாகின்றன. கீழ் அடுக்கு 8.8. அங்கே போனதும் ஏழில் ஒரு கிளைசினுக்கு எதிர்மின்சுமை வந்துவிடும். புரதங்களைத் தாண்டி ஓடிவிடும். அதற்குப் பிறகு புரதங்கள் தத்தம் அளவுப்படி பிரியும். நான் அமிலம் ஊற்றியபோது பின்னால் வரக்கூடாத குளோரைடைப் பின்னாலும் கொண்டுவந்து விட்டேன். நெருக்குவதற்கு ஆள் இல்லை. மின்னோட்டம் மட்டும் கூடிப்போனது.

இன்னொன்று, டிரிஸ் பற்றி. குளிர்ந்தால் அதன் பிஹெச் ஏறும், ஒரு டிகிரிக்கு சுமார் 0.03. அறை வெப்பத்தில் 7.5 வைத்ததைக் குளிர் அறைக்கு எடுத்துப்போனால் 8-ஐத் தாண்டிவிடும். இதற்கும் ஒரு மாத உழைப்பு போயிருக்கிறது. அந்தக் கதை வேண்டாம்.

பழைய ஹவுஸ் சர்ஜன்:

முதலாண்டில் எனக்கு ஒரு சந்தேகம். பிகேஏவுக்கு ஒன்று கூடவோ குறையவோ உள்ள எல்லைக்குள்தான் பஃபர் நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். ரத்தத்தின் முக்கிய பஃபரான பைகார்பனேட்டின் பிகேஏ 6.1, ரத்தத்தின் பிஹெச் 7.4. எல்லைக்கு வெளியே. அப்படியிருக்க அதை ஏன் தலைக்கு மேல் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள்? கேட்கப் பயந்து விட்டுவிட்டேன்.

பதில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, இரவு இரண்டு மணிக்குக் கிடைத்தது. சின்ன வயதுப் பையன், சர்க்கரை நோய், நான்கு நாளாக இன்சுலின் போடாததால் ரத்தத்தில் அமிலம் சேர்ந்திருந்தது. வாயில் அழுகிய பழ வாசனை. மார்பு முழுவதும் ஏறி இறங்க ஆழமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். கூட வந்த அம்மாவுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "தூக்க ஊசி போடுங்க சார், மூச்சு விட முடியாம தவிக்கிறான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஏதாவது செய்தால் தேவலை என்றுதான் இருந்தது.

ரத்த வாயு அறிக்கை வந்தது: பிஹெச் 7.22, பைகார்பனேட் 8, கார்பன் டை ஆக்சைடு 20. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் அந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி, "இவன் மூச்சை நிதானமாக்கி அந்த 20-ஐ 40 ஆக்கிப் போட்டுப் பார்" என்றார். போட்டேன். 40-ஐ 0.03-ஆல் பெருக்கினால் ரத்தத்தில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு 1.2. பைகார்பனேட் எட்டை அதனால் வகுத்து, மடக்கை எடுத்து, 6.1-ஐக் கூட்டினால் 6.92. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பையன் கார்பன் டை ஆக்சைடை ஊதித் தள்ளி, தன் நுரையீரலால் தன் சமன்பாட்டைத் தானே சரிசெய்துகொண்டிருந்தான்.

குடுவையில் இருக்கும் பஃபர் மூடிய வீடு. உடம்பில் ஒரு கதவு நுரையீரல் பக்கம் திறந்திருக்கிறது, இன்னொன்று சிறுநீரகம் பக்கம். பிகேஏ தள்ளி இருப்பதை அந்தக் கதவுகள் ஈடுகட்டிவிடுகின்றன. தூக்க ஊசி போடவில்லை. சலைனும் இன்சுலினும் போட்டோம். விடிந்தபோது மூச்சு தானாகவே அடங்கியிருந்தது. அம்மாவிடம் இதை எப்படி விளக்கினேன் என்று நினைவில்லை. சரியாக விளக்கியிருக்க மாட்டேன்.

பாட்டி வீட்டுப் பேத்தி:

நான் வணிகவியல். ஆனாலும் இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது.

பாட்டிக்கு முன்பெல்லாம் பால் மாதிரி கலங்கலான இன்சுலினையும் தெளிவானதையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போடுவோம். பிறகு நாள் முழுக்க வேலை செய்யும் கிளார்ஜின் என்ற இன்சுலினை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் போடும் தெளிவான ஊசி தனியாகத் தொடர்ந்தது. ஒரு குத்தாவது மிச்சமாகட்டுமே என்று இரண்டையும் கலந்துவிடலாமா என்று மருந்துக்கடையில் கேட்டேன். கடைக்காரர் பதறிவிட்டார். "இது அமிலத்துல இருக்கும்மா, கலந்தா கெட்டுப்போயிடும்."

வீட்டுக்கு வந்து படித்தேன். சாதாரண இன்சுலினின் சங்கிலி ஒன்றின் முனையில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இரண்டை ஒட்டவைத்து, இன்னொரு சங்கிலியில் ஆஸ்பரஜின் என்ற அமினோ அமிலம் ஒன்றை எடுத்துவிட்டுக் கிளைசினை வைத்திருக்கிறார்கள். மேலே நீங்கள் எல்லோரும் திட்டிய அதே கிளைசின். ஆர்ஜினினுக்கு நேர்மின்சுமை. அதனால் இன்சுலின் மொத்த மின்சுமை இல்லாமல் நிற்கும் பிஹெச் 5.4-லிருந்து 6.7 பக்கம் ஏறிவிட்டது. மின்சுமை இல்லாத இடத்தில்தான் புரதம் கரையாமல் படியும், பால் திரிவதும் அப்படித்தான் என்று போட்டிருந்தது. புட்டியில் பிஹெச் 4, அங்கே தெளிவாகக் கரைந்திருக்கும். தோலுக்கு அடியில் 7.4. போனதும் நுண்ணிய படிவாகி, அதிலிருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்துக்குப் போகும்.

பாட்டி இந்த ஊசி கொஞ்சம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. அமிலம் என்று சொன்னதும், "புளிப்புன்னு அப்பவே சொல்ல வேண்டியதுதானே" என்றார். இப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் "ராத்திரி புளிப்பு ஊசி போட்டாச்சு" என்றுதான் சொல்கிறார்.