மாடு குடிக்கிற குட்டைக்கும் கொக்குக்கும் என்ன சம்பந்தம்?

நிபோங் திபால் மாட்டுக்காரன்:
என்னிடம் 14 மாடு. கொட்டகைக்குப் பின்னால் ஓடுகிற ஓடையை மறித்துக் குட்டை வெட்டலாம் என்று இருந்தேன். கொலராடோவில் படிக்கும் அக்கா மகள் போனில் சிரிக்கிறாள். “மாமா, இங்கே அமெரிக்காவில், நெப்ராஸ்காவுக்கு ஓடும் பிளாட் ஆற்றுப் படுகையில் அரசாங்கப் பணத்தில் மாட்டுக்குக் குட்டை வெட்டினால், நெப்ராஸ்காவில் இறங்கும் கொக்கையும் கணக்குப் பார்ப்பார்கள்.” மாடு நாளைக்கு 40, 50 லிட்டர் குடிக்கும். அதற்குப் போய்க் கொக்கா?

பாகான் அக்கா:
குடிப்பதை விடுங்கள் தம்பி, வெயிலில் ஆவியாவதைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான குட்டைகள் பனி உருகி வரும் வெள்ளத்தைப் பிடித்துவைத்தால் கீழே ஆற்றின் வேகம் குறையும், மணல்திட்டில் செடி மண்டிவிடும். ஊப்பிங் கொக்கு, ஆழமில்லாத அகன்ற நீரில் நின்றுதான் இரவைக் கழிக்கும். 1941இல் அவை 20 சொச்சம்தான் மிஞ்சின. பாலிட் ஸ்டர்ஜன் மீனும் 1990 முதல் அழியும் பட்டியலில். கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா மூன்று மாநிலமும் இவற்றைக் காக்க 2007இல் கூட்டுத் திட்டமே தொடங்கின.

ஆட்டுக்காரன் பி.எம். (புக்கிட் மெர்தாஜம்):
ஓடைக்கு வேலி போட்டு, தொட்டிக்கு பம்ப் வையுங்கள் அண்ணே. கரையும் மிதிபடாது. தொட்டிக்குள் சாய்வாக ஒரு கம்பி வலை வையுங்கள், விழுந்த பறவை ஏறிப் போகும். நான் வைக்காமல், மைனா செத்து மிதந்து, ஒருநாள் பூரா தொட்டி கழுவினேன்.

நிபோங் திபால் மாட்டுக்காரன்:
எங்கள் ஓடை கிரியான் ஆற்றில்தான் விழுகிறது. அங்கே மின்மினி பார்க்கப் படகு விடுகிறார்கள். சரி, குட்டை வேண்டாம். 600 கேலன் தொட்டி எங்கே மலிவு?