மரக்கப்பலில் அடுப்பு மூட்டித் திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சியது எப்படி?

தீவட்டி:
19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபர்டு துறைமுகத்திலிருந்து கிளம்பிய திமிங்கல வேட்டைக் கப்பல்கள் பசிபிக் வரை போய், திரும்ப மூன்று நான்கு வருஷம் ஆகும். கொழுப்பை நடுக்கடலிலேயே காய்ச்சிவிடுவார்களாம். மரக்கப்பல், மேல்தளத்தில் அடுப்பு... தீப்பிடிக்காதா? இன்னொன்று, ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெய்க்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை?

நங்கூரம்:
அடுப்பு செங்கல் கட்டு, அதில் இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகள். செங்கல்லுக்கும் தளத்துக்கும் நடுவே ஆழமில்லாத தண்ணீர்த் தொட்டி இருக்கும். சூடு பலகையில் இறங்காமல் காத்தது அதுதான். தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விறகு பற்றவைக்க மட்டும். பிறகு எண்ணெய் பிரிந்த சக்கையையே வாரி அடுப்பில் தள்ளுவார்கள். திமிங்கலத்தை அதன் கொழுப்பிலேயே காய்ச்சுவது! நன்றாக எரியும், நாற்றம்தான் தாங்காது.

கொழுப்பை முழுசாகப் போட்டால் வெளியே கருகும், உள்ளே உருகாது. அதனால் ஒவ்வொரு துண்டையும் தோல் பக்கம் மட்டும் ஒட்டியிருக்க, மெல்லிசாகக் கீறுவார்கள். விரித்தால் புத்தகம் மாதிரி இருக்கும். மாலுமிகள் வைத்த பேரே ‘பைபிள் ஏடு’. சதை ஒட்டியிருந்தால் எண்ணெய் கறுத்து நாறும். தண்ணீர் விழுந்தால் கொப்பரை பொங்கும். அடுப்பில் வழிந்தால் தீ.

சூட்டோடு பீப்பாயில் ஊற்றினால் மரம் காய்ந்து சுருங்கி ஒழுகும். செம்புத் தொட்டியில் ஆறவிட்டுத்தான் நிரப்புவார்கள். ஒரு பீப்பாய்க் கணக்கு 31.5 கேலன். அடுக்கிய பிறகும் அவ்வப்போது கடல்நீர் பீய்ச்சிப் பலகைகளை ஊறவைப்பார்கள். அடித்தளத் தண்ணீரை இறைக்கும்போது எண்ணெய் மிதந்து வந்தால் எங்கோ பீப்பாய் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

மெழுகுவத்தி:
விலைக்கு வருவோம். மற்றத் திமிங்கலங்களின் எண்ணெய், நல்லெண்ணெய் போலவே கொழுப்பு வகை, நாள்பட்டால் சிக்குப்பிடிக்கும். ஸ்பெர்ம் எண்ணெய் பெரும்பாலும் திரவ மெழுகு. எளிதில் கெடாது, புகை குறைவு, விளக்குக்கும் இயந்திரத்துக்கும் ஏற்றது.

தலைக்குள் இருப்பது இன்னும் உசத்தி. பெரிய ஆண் ஒன்றில் 1,900 லிட்டர் வரை இருக்கும். உயிரோடிருக்கும்போது திரவம், ஆறினால் வெள்ளையாக உறையும். அதைப் பார்த்து விந்து (ஆங்கிலத்தில் ‘ஸ்பெர்ம்’) என்று நினைத்துவிட்டார்கள், பேரும் அப்படியே நின்றுவிட்டது.

கரையில் இதைக் குளிர்காலத்தில் உறையவிட்டுப் பையில் கட்டி, திருகு அழுத்தியில் பிழிவார்கள். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவது தெரியுமல்லவா? அந்தக் குளிரிலும் உறையாமல் வடிவது முதல் தரம். வெயில் ஏறிய பிறகு பிழிவது அடுத்த தரம். மிஞ்சிய மெழுகைக் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்துக் காய்ச்சி வெளுத்தால் மெழுகுவத்தி. 1860-ல் பிரிட்டன் சட்டம் வெளிச்சத்துக்கு அளவாக வைத்ததே இதைத்தான்: ஒரு பவுண்டில் ஆறில் ஒரு பங்கு எடை, மணிக்கு 120 கிரெயின் (சுமார் 7.8 கிராம்) எரிய வேண்டும்.

தீவட்டி:
நன்றி. குடைக்குப் போட்ட ‘திமிங்கல எலும்பு’ம் இதே மீனிலிருந்தா?

நங்கூரம்:
முதலில், மீன் இல்லை! அது எலும்பும் இல்லை. பல்லில்லாத திமிங்கலங்களின் மேல்வாயில் தொங்கும் சல்லடைத் தகடு. நம் நகம் மாதிரி கெரட்டின். வெந்நீரில் ஊறவைத்து வளைத்து ஆறவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும். குடைக்கம்பி, இடுப்புக் கச்சை எல்லாம் அப்படித்தான். ஸ்பெர்முக்குப் பல் உண்டு, அதில் இந்தத் தகடு கிடைக்காது.