பெரிய விண்கப்பல் மாடலை ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகட்டில் கட்டியவர்கள் வாருங்கள்: உங்கள் கப்பலுக்கு என்ன ஆனது?

நானே தொடங்குகிறேன். 140 செ.மீ. நீளத்தில் ஒரு சரக்கு விண்கப்பல். கடையில் விற்கும் பாகத்தொகுப்பு, அதாவது கிட், எதுவும் கிடையாது. வெள்ளை ஸ்டைரீன் தகட்டை வெட்டி, ஒட்டி, முதலிலிருந்து கட்டியது. அளவு 1/350 என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் நிஜத்தில் 490 மீட்டர் நீளமுள்ள கப்பல். ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த அன்று பக்கச்சுவர் கண்ணாடி போலச் சமமாக இருந்தது. கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலை, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது பார்த்தால் சுவர் முழுக்க அலை. உள்ளே குறுக்குச் சட்டம் இருந்த இடமெல்லாம் மேடு, இடையில் எல்லாம் பள்ளம். எலும்பும் தோலுமாக நிற்கும் மாட்டின் விலா போல இருந்தது.

காரணம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. சுவர் உறுதியாக இருக்கட்டும் என்று 1 மி.மீ. தகடுகள் இரண்டை முழுப் பரப்பிலும் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தேன். ஸ்டைரீனுக்கு நாம் போடும் தண்ணிப் பசை உண்மையில் பசையே அல்ல, கரைப்பான். இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு, பிறகு ஆவியாகிப் போக வேண்டும். ஓரத்து இணைப்பு என்றால் சீக்கிரம் போய்விடும். இரண்டு அகலமான தகடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் எங்கே போகும்? பிளாஸ்டிக்கின் வழியாகவே ஊறி ஊறித்தான் வெளியேற வேண்டும். அதுவரை தகடு உள்ளுக்குள் மிருதுவாகவே இருக்கிறது. ஆவி போகப் போகச் சுருங்கி இழுக்கிறது. போதாததற்கு என் கப்பல் நான்கு பக்கமும் மூடிய பெட்டி. காற்றுக்கு ஒரு துளைகூட விட்டிருக்கவில்லை.

அந்தச் சுவரை அறுத்து எடுத்தேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் புட்டி போட்டு நிரப்பியிருந்தால் அது மறுபடியும் இறங்கியிருக்கும். குறுக்குச் சட்டம் ஒவ்வொன்றிலும் 20 மி.மீ. துளை போட்டேன். என்ஜின் குழாய்களின் பின்புறத்தைத் திறந்தே விட்டேன், அங்கே யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. சட்டங்களுக்கு இடையே 10 செ.மீ. விட்டிருந்தது தப்பு; நடுவில் ஒவ்வொன்று சேர்த்து 5 செ.மீ. ஆக்கினேன். சுவருக்கு ஒரே 2 மி.மீ. தகடு. இரட்டைத் தகடுதான் வேண்டும் என்று இருப்பவர்கள் உள்தகட்டில் 3 செ.மீ.க்கு ஒன்றாகச் சின்னத் துளை போட்டுவிட்டு ஒட்டுங்கள். அல்லது நடுவில் இருபக்க டேப், ஓரத்தில் மட்டும் கரைப்பான் என்று செய்யுங்கள்.

இன்னொன்று, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. 2 மி.மீ. தகட்டை ஒரேயடியாக வெட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று முறை லேசாகக் கீறி, கீறல் வெளிப்பக்கம் இருக்கும்படி வளைத்தால் பட்டென்று நேராக ஒடியும். இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஜோடியாக வரும் துண்டுகளை டேப் போட்டுச் சேர்த்து ஒன்றாகத் தேய்த்து அளவு கொண்டுவாருங்கள்; தனித்தனியாக அளந்து வெட்டிய இரண்டு துண்டு ஒருபோதும் ஒன்றுபோல் வராது. கரைப்பானோடு வேலை செய்யும்போது சன்னல் திறந்திருக்கட்டும், கரிம ஆவிக்கான முகமூடி போடுங்கள். தூசுக்கான துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. தேய்ப்பதைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் செய்தால் தூசும் பறக்காது.

சரி, உங்களுக்கு என்ன நடந்தது?

* * *

எனக்கு விரிசல். அதுவும் ஒரே இடத்தில், நான்கு முறை.

என் கப்பல் உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரியது, 160 செ.மீ. நடுவில் சதுர அலுமினியக் குழாய் ஒன்று முதுகெலும்பு போல ஓடுகிறது. கப்பலை நிறுத்தி வைக்கும் தாங்கியும் அதில்தான் மாட்டுகிறது. கழுத்துப் பகுதியில் ஒரு இணைப்பு. அதை நிரப்பி, தேய்த்து, வர்ணம் அடித்து முடித்தால் சில வாரத்தில் மயிரிழை போல ஒரு கோடு. புட்டியை மாற்றினேன், பசையை மாற்றினேன். உள்ளே ஸ்டைரீன் பட்டை வைத்து ஒட்டினேன். எல்லாவற்றையும் மீறிக் கோடு வந்தது.

கடைசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஸ்டைரீன் வெப்பத்தில் அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரிகிறது. 160 செ.மீ. நீளத்துக்கு 10 டிகிரி வித்தியாசம் வந்தால் ஸ்டைரீன் 1 மி.மீ.க்குச் சற்று மேலே நீள்கிறது, அலுமினியம் 0.4 மி.மீ.கூட நீள்வதில்லை. நான் குழாயின் இரண்டு முனையையும் எப்பாக்ஸி பசை போட்டு உடலோடு இறுக்கியிருந்தேன். பகலில் ஒரு அளவு, இரவில் ஒரு அளவு. எங்கே பலவீனமோ அங்கே விட்டுக்கொடுக்கிறது.

முன்முனையின் எப்பாக்ஸியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே குழாய் சறுக்கிப் போகும்படி ஒரு பெட்டி மட்டும் செய்தேன். பின்முனை மட்டும் இறுக்கம். அதற்கப்புறம் இரண்டு வெயில் காலம் கடந்துவிட்டது. அந்த இடத்தில் கோடு வரவில்லை.

* * *

இரண்டு பேருமே உள்ளே இருப்பதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். என் கதையும் உள்ளேதான்: விளக்கு.

வெள்ளை ஸ்டைரீன் எவ்வளவு ஒளியை ஊடுருவ விடும் என்பது விளக்கைப் போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. நான் போட்டேன். கப்பல் முழுதும் காகித விளக்குக் கூடு போல ஒளிர்ந்தது. சன்னல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் கீற்று. அதற்குள் உடலை மூடி ஒட்டியாகிவிட்டது! வெளிப்பக்கம் கறுப்பு அடித்து, அதன்மேல் சாம்பல் அடித்து, ஓரளவு சமாளித்தேன். இணைப்புக் கீற்றுகள் முழுதாகப் போகவில்லை.

அடுத்த கப்பலில் மூடுவதற்கு முன்பே உள்சுவர் முழுக்கக் கறுப்பு இரண்டு பூச்சு, அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை நிறுத்துகிறது, வெள்ளை அதைச் சிதறடித்து எல்லாச் சன்னலுக்கும் சமமாக அனுப்புகிறது. மூடும் முன் இருட்டில் வைத்துப் பார்த்தேன், மறுநாளும் ஒருமுறை பார்த்தேன்.

12 வோல்ட்டில் மூன்று வெள்ளை எல்.ஈ.டி.யைத் தொடராக இணைத்தால் அவை சுமார் 9 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 3. எல்லோரும் 150 ஓம் மின்தடை போட்டு 20 மில்லிஆம்பியர் விடுகிறார்கள். நான் 330 ஓம் போடுகிறேன், 9 மில்லிஆம்பியர்தான் ஓடும். கண்ணுக்கு அது தாராளமாகப் போதும், எல்.ஈ.டி.யும் சூடாகாது. மூடிய உடலுக்குள் இருப்பதை மாற்ற முடியாது என்பதால் இதில் கஞ்சத்தனம் நல்லதுதான்.

ஒளியைக் கடத்தும் ஃபைபர் இழையை வைத்துச் சன்னல் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சூப்பர் க்ளூ வேண்டாம். என் முதல் கப்பலில் 0.5 மி.மீ. இழைகள் இருநூறுக்கு மேல் அப்படித்தான் ஒட்டினேன். பசை தொட்ட இடத்தில் இழை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. கட்டாகச் சேர்த்து எல்.ஈ.டி.யின் பக்கம் வளைத்தபோது ஒன்றன்பின் ஒன்றாக ஒடிந்தன. இப்போது வெள்ளை மரப்பசைதான். காய நேரமாகும், ஆனால் இழையைத் தொடுவதில்லை.

* * *

நான் உள்ளே போகவில்லை, மேற்பரப்பில்தான் நிற்கிறேன்.

கப்பல் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எங்கும் இடைவெளி இல்லாமல் நுண்பாகங்களை அப்பினேன். டாங்க் கிட், போர்க்கப்பல் கிட், ரயில் கிட் என்று மிச்சம் கிடந்ததெல்லாம் அதில் இருந்தது. நான்கு மாத வேலை. எட்டி நின்று பார்த்தால் கரடுமுரடான ஒரு கட்டி. கப்பல் பெரிதாகத் தெரியவில்லை. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தது.

1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும் அந்த முக்கோணக் கப்பலை நினைத்துப் பாருங்கள். அந்த மாடலின் நீளம் சுமார் 91 செ.மீ. என் கப்பலைவிடச் சின்னது. அதில் அகலமான தட்டைப் பரப்புகள் இருக்கின்றன, நுண்வேலை ஓரத்துப் பள்ளங்களிலும் மேல்கட்டுமானத்திலும் கூடி நிற்கிறது. வெறுமையாக இருக்கும் பரப்புதான் பக்கத்தில் இருக்கும் நுண்வேலையின் அளவைச் சொல்கிறது என்று அதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

நானும் பாதிக்கு மேல் பெயர்த்தேன். பரந்த பரப்பில் 0.25 மி.மீ. தகட்டுத் துண்டுகள் மட்டும், அதுவும் தள்ளித் தள்ளி. 1/350 அளவில் அதுவே கிட்டத்தட்ட 9 செ.மீ. தடிமனுள்ள கவசத்தகடு, அதற்குமேல் தேவையில்லை. சன்னலையும் கணக்குப் பார்த்து வைத்தேன்: ஒரு தளத்துக்கு 3 மீட்டர் உயரம் என்றால் இரண்டு சன்னல் வரிசைக்கு நடுவே 8.6 மி.மீ. இந்த இடைவெளி ஒரு இடத்தில் மாறினாலும் கப்பலின் அளவு குழம்பிவிடுகிறது.

கிட் பாகம் ஒட்டும்போது ஒன்று செய்யுங்கள். டாங்க் சக்கரத்தைச் சக்கரமாகவே வைக்காதீர்கள். பாதியாக அறுங்கள், கவிழ்த்து வையுங்கள், மேலே ஒரு பட்டை ஒட்டுங்கள். மாடல் செய்பவர் வந்து பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியக் கூடாது.

* * *

சுருக்கமாக. 180 செ.மீ. கப்பல், இருபக்க இறக்கையோடு அகலம் 95. அறை வாசல் 75. கப்பலைச் செங்குத்தாகத் திருப்பலாம் என்றால், தாங்கி மாட்டும் கம்பி கீழே நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது இறக்கையை ரம்பத்தால் அறுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். அறுத்த இடத்தில் இப்போது இரண்டு பித்தளைக் கம்பியும் நான்கு காந்தமும் வைத்து, கழற்றி மாட்டும்படி செய்துவிட்டேன். வரைபடம் போடும்போதே எங்கெங்கே பிரியும் என்று கோடு போட்டுவிடுங்கள். பிரியும் கோட்டைக் கப்பலின் தகடுகள் சேரும் கோடு மாதிரி காட்டினால் மாட்டிய பின் யாருக்கும் தெரியாது.

* * *

தொடங்கியவன் மறுபடியும் வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.

விரிசலைப் பற்றி எழுதியவருக்கு: உங்கள் பகிர்வைப் படித்த கையோடு போய் டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். என் குழாயும் இரண்டு முனையிலும் எப்பாக்ஸியால் இறுகித்தான் இருக்கிறது. விரிசல் இன்னும் வரவில்லை. ஆனால் மூக்குப் பகுதியில், மூன்றாவது சட்டத்தின் மேல், வர்ணத்தில் மெல்லிய ஒரு மடிப்பு இருந்தது. தூசு என்று நினைத்துப் பல நாள் துடைத்திருக்கிறேன்.

நேற்று இரவு முன்முனையை அறுத்துவிட்டேன். ரம்பம் கடைசி இழையைத் தாண்டியபோது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். குழாய் கிட்டத்தட்ட அரை மி.மீ. நகர்ந்திருக்கிறது. இப்போது சறுக்குப் பெட்டிக்கான துண்டுகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன். பெட்டிக்கும் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?