இரண்டாவது நாய்: எடுக்கலாமா, எடுத்தால் எப்போது?

வெள்ளவத்தை கீழ்வீடு:

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பின்பக்கத்தில் மதில் சூழ்ந்த ஒடுங்கிய வளவு ஒன்று உண்டு. எங்களிடம் இரண்டு வயதை நெருங்கும் பெண் நாய் ஒன்று இருக்கிறது. ஊர் நாய்தான்; சாதுவானது, சொற்கேட்டு நடப்பது, கருத்தடைச் சத்திரசிகிச்சையும் செய்யப்பட்டது. கடந்த ஆண்டுவரை அம்மா எங்களோடு இருந்தார். தம்பியின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் யாழ்ப்பாணம் போன பிறகு, நானும் கணவரும் வேலைக்குப் புறப்பட்டால் மாலைவரை அது தனியாகவே இருக்கிறது. நாங்கள் போனதும் ஊளையிடத் தொடங்கிவிடுகிறது என்று மேல்வீட்டார் முறையிட்டுவிட்டார்கள்.

இந்நிலையில், எனது அலுவலக வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கட்டாக்காலி நாய் குட்டி போட்டிருக்கிறது. குட்டிகளுக்கு இப்போது 6 கிழமை; மிஞ்சியிருப்பவை இரண்டு ஆண், ஒரு பெண். துணை கிடைத்தால் எங்கள் நாய் அடங்கிவிடும் என்பது கணவரின் எண்ணம். எடுப்பதென்றால் இரண்டு ஆண் குட்டிகளையும் சேர்த்தே எடுத்துவிடலாம், அவை தமக்குள் விளையாடிக்கொள்ளும் என்கிறார். சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கொண்டுவந்தால் வீட்டில் ஆள் இருப்போம் என்பதும் அவர் கணக்கு. எனக்கு மனம் துணியவில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை:

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உங்களுக்கு இன்னொரு நாய் வேண்டுமா என்பது ஒன்று; இருக்கிற நாயின் ஊளையை நிறுத்துவது எப்படி என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலாவது விடையாகும் என்று எண்ணித்தான் பலர் குட்டியைத் தூக்கிவருகிறார்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஊளை தொடங்கியது உங்கள் அம்மா யாழ்ப்பாணம் போன பிறகுதான். அப்படியானால் அந்த நாய் தேடுவது இன்னொரு நாயை அல்ல, பகல் முழுவதும் அடுப்படியில் நடமாடிய ஒரு மனிதரை என்றே நினைக்கிறேன். மனிதர் இல்லாத பதற்றம் வேறொரு நாய் வந்ததும் நீங்கிவிடும் என்று சொல்வதற்கில்லை. மூத்தது ஊளையிடுவதைப் பார்த்து இளையதும் சேர்ந்து ஊளையிடப் பழகினால், மேல்வீட்டாருக்கு என்ன சொல்வீர்கள்?

முதலில் பழைய கைபேசி ஒன்றை அலமாரியில் வைத்து, நீங்கள் புறப்பட்ட பின் நடப்பதைப் பதிவு செய்து பாருங்கள். வாயொழுக மூச்சிரைத்துக் கதவைச் சுரண்டினால் அது தனிமைப் பதற்றம். அதற்கு மிருக வைத்தியரின் ஆலோசனையும், சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகத் தனித்திருக்கப் பழக்குவதும் தேவை. படுத்துறங்கி எழுந்து, வீதியில் யாராவது போகும்போது மட்டும் சத்தமிட்டால், அது வேலையற்ற இளநாயின் சலிப்பு. அதற்குக் காலையில் இன்னும் நீண்ட நடையும் மதியம் யாராவது ஒருவர் வந்து பார்ப்பதுமே போதுமாக இருக்கலாம்.

அறிந்தவர்களின் சாந்தமான நாய் ஒன்றை ஓர் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக அழைத்துவந்து பார்ப்பதும் நல்லது. உங்கள் நாய் வேறொரு நாயைத் தன் வீட்டுக்குள் பொறுக்குமா என்பது அன்றே ஓரளவு தெரிந்துவிடும்.

பம்பலப்பிட்டி தொடர்மாடி:

மேலே எழுதியவரோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டாவது நாய் வந்த பிறகு முதலாவதன் முகமே மாறிவிட்டது. எல்லா நாயும் ஒரே மாதிரி அல்ல. ஆனால் செலவைக் கணக்குப் பார்க்காமல் இறங்கவேண்டாம். 2022 பொருளாதார நெருக்கடியின்போது இறக்குமதி நாயுணவின் விலை எப்படி ஏறியது என்பது நாய் வளர்த்த எவருக்கும் நினைவிருக்கும். நாங்கள் அப்போதே சோறும் மீனும் அவித்துக் கொடுப்பதற்கு மாறிவிட்டோம். உணவையாவது சமாளிக்கலாம், இரண்டும் ஒரே கிழமையில் நோயில் விழும்போதுதான் கை கடிக்கும். வாடகை வீடு என்கிறீர்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

வத்தளை:

மிருக வைத்தியசாலை ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். உங்கள் நாயின் வயது பொருத்தமானதே. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுவரை நாய்க்கு ஒரு முரட்டுப் பருவம் உண்டு. அது கடந்து முதலாவது நாய் சொற்கேட்கப் பழகிய பிறகே அடுத்ததை எடுக்கவேண்டும், ஏனென்றால் குட்டி உங்களிடம் கற்பதைவிட மூத்ததிடம் கற்பதே அதிகம். நல்லதைப் போலவே கெட்டதையும் கற்கும்.

இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுக்கும் எண்ணத்தைக் கைவிடும்படி உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உடன்பிறந்த குட்டிகள் ஒன்றாக வளர்ந்தால் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, வீட்டாரின் பேச்சைக் காதில் வாங்காமல் வளரக்கூடும். தனித்தனியே நடத்தி, தனித்தனியே பழக்க நேரமுள்ளவர்களுக்கே அது சரிவரும். இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இயலாது. பெண் நாய் இருக்கும் வீட்டுக்கு ஆண் குட்டியைத் தெரிவது நல்லது. ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள் பகைத்துக்கொண்டால், அந்தச் சண்டை பெரும்பாலும் ஆறாத சண்டையாகிவிடும்.

ஆறு கிழமையில் குட்டியைப் பிரிக்கவேண்டாம். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் எட்டுக் கிழமையாவது இருந்தால்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று அது அறியும். ஏப்ரல் 14ஐ ஒட்டிக் கொண்டுவருவதும் உகந்ததல்ல. புது வீட்டில் முதல் இரவே வெடிச்சத்தத்தில் ஒடுங்கிய குட்டிக்கு அந்தப் பயம் நிலைத்துவிடலாம்; மூத்ததும் அந்நேரம் நிதானமாக இராது. வெடி ஓய்ந்த பிறகு இரண்டு நாள் விடுப்பு எடுங்கள்.

வீதியோரக் குட்டி ஆகையால் இன்னும் சில. குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைத் தந்து கொல்லக்கூடிய பார்வோ வைரசு மண்ணில் பல மாதங்கள் உயிரோடிருக்கும். சவர்க்காரத்துக்கு அது சாகாது, வெளிற்றும் திரவம் வேண்டும். உங்கள் நாயின் வருடாந்தத் தடுப்பூசி தவறியிருந்தால் குட்டி வருவதற்கு இரண்டு கிழமை முன்னரே போட்டுவிடுங்கள். குட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுங்கள். சொறி இருக்கிறதா, உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சாதாரணம். கொழுத்த பெண் உண்ணி ஒன்று சுவரிடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், ஒரு நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

தாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போடப்பட்டிருக்காது என்றே கொள்ளுங்கள். குட்டிதானே என்று பற்கீறலை அலட்சியம் செய்யக்கூடாது. சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

வெள்ளவத்தை கீழ்வீடு:

அனைவருக்கும் நன்றி. கைபேசியில் பதிவு செய்து பார்த்தோம். நாங்கள் போனதும் சிறிது நேரம் ஊளையிடுகிறது, பிறகு படுத்துவிடுகிறது, கதவைச் சுரண்டவில்லை. மேல்வீட்டு அக்காவே மதியம் ஒருமுறை இறங்கிவந்து பார்ப்பதாகச் சொன்ன பின் சத்தம் பெருமளவு குறைந்துவிட்டது. அதனால் குட்டி தேவையில்லை என்ற முடிவுக்குத்தான் முதலில் வந்தேன். ஆனால் எங்களுக்கே இன்னொரு நாய்மீது ஆசை இருக்கிறது என்பதை இருவரும் மறுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் ஒன்றுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார். ஆண் குட்டி ஒன்றைச் சித்திரைக்குப் பிறகு எடுக்க எண்ணுகிறோம். முதல் சந்திப்பை எப்படி நடத்துவது?

கொட்டாஞ்சேனை:

நல்லது, ஆசைக்கு எடுக்கிறோம் என்று தெரிந்து எடுப்பதே நேர்மை.

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். வளர்ந்த நாய்களை வெளியிடத்தில் பக்கம்பக்கமாக நடத்திப் பழக்குவார்கள். உங்கள் குட்டிக்குத் தடுப்பூசிகள் முடிந்திருக்காது என்பதால் மரைன் டிரைவ் கடற்கரை வீதியில் சந்திக்கவைத்தாலும் தரையில் இறக்காமல் கையில் வைத்திருங்கள். கடற்கரைக் கட்டாக்காலிகள் நடமாடாத இடமும் நேரமும் பார்த்துப் போங்கள். மூத்தது தளர்ந்த வாருடன் வந்து முகர்ந்துவிட்டு விலகட்டும். பிறகு மூத்ததை முன்னே விட்டு எல்லோருமாக வீட்டுக்குள் போகலாம். அதன் சாப்பாட்டுக் கோப்பை, எலும்பு, பழந்துணி எல்லாவற்றையும் அதற்குமுன் எடுத்து மறைத்துவிடுங்கள்.

சாப்பாடு எப்போதும் வேறுவேறு அறைகளில். நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் இரண்டையும் பிரித்தே வையுங்கள், சில மாதங்களுக்காவது. மூத்தது உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் எச்சரிக்கையின்றிக் கடிக்கும் நாயாகிவிடும். குட்டியைத் தூக்கி அப்பால் வைத்தால் போதும். அதன் சேட்டையை நான்கைந்து மாதம்வரை மூத்தது பொறுத்துக்கொள்ளும், பிறகு கண்டிக்கத் தொடங்கும், அப்போது பயந்துவிடாதீர்கள்.

தரிப்பிடத்தில் நிற்கும் தாயை மறந்துவிடவேண்டாம். பால் வற்றியதும் அதைப் பிடித்துக் கருத்தடை செய்விக்க அலுவலகத்தில் நாலு பேர் பணம் சேர்த்தால் முடியும். இல்லாவிட்டால் ஆண்டு முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் குட்டிகள் நிற்கும், அவற்றுக்கு வீடு தேடி யாராவது உங்களிடம்தான் வருவார்கள்.