நகலெடுக்கும் வேலையை ஸ்டோரேஜிடம் ஒப்படைத்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது?

இரவுப்பணி:
ஓடிஎக்ஸ் என்பது, கோப்பு சர்வர் வழியாகப் போய்வராமல், பொது வட்டுப் பெட்டியான ஸ்டோரேஜே தனக்குள் நகலெடுத்துக்கொள்ளும் விண்டோஸ் வசதி; இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-வில் இயங்கிய ஹைப்பர்-வி கிளஸ்டரில் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர் கூட்டம்), 600 ஜிபி விஎச்டிஎக்ஸ் கோப்பு (மெய்நிகர் வட்டு) ஒன்றை ஒரே ஸ்டோரேஜில் இருந்த இரண்டு லன்களுக்கிடையே (வட்டுப் பகுதிகள்) நகலெடுத்தேன். எங்களிடம் சர்வரை ஸ்டோரேஜோடு இணைப்பது 8 ஜிபிட் ஃபைபர் சேனல். ஒரு பாதையில் நொடிக்கு 800 எம்பிக்கு மேல் போகாது. ஆனால் நகல் சாளரம் 1.4 ஜிபி என்று காட்டியது. சுவிட்சின் போர்ட் கவுண்டரைத் திறந்து பார்த்தால், அதில் அசைவே இல்லை. அந்த அழகை ரசித்துக்கொண்டிருந்தபோதுதான் டேட்டாபேஸ் பொறுப்பாளர் அழைத்து, பில்லிங் அப்படியே நிற்கிறது என்றார். சிபியு, நெட்வொர்க், ஹெச்பிஏ (சர்வரின் ஃபைபர் சேனல் அட்டை) என எல்லா வரைபடங்களும் தரையோடு தரையாகக் கிடந்ததால், "எங்கள் பக்கம் எதுவும் ஓடவில்லை சார்" என்று இருபது நிமிடம் அடித்துச் சொன்னேன். பிறகு ஸ்டோரேஜின் கன்சோலைத் திறந்தபோது கண்ட்ரோலர் 95 விழுக்காட்டில் திணறிக்கொண்டிருந்தது.

பழையகேபிள்:
இதற்கு ஓடிஎக்ஸைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சர்வர் கேட்கும்போது ஸ்டோரேஜ் 512 பைட் டோக்கன் ஒன்றைத் தருகிறது. அந்த டோக்கனைச் சேருமிடத்தில் கொடுத்தால், உள்ளேயே படித்து உள்ளேயே எழுதிக்கொள்கிறது. வட்டுகள் செய்யும் வேலை குறைவதாக யாரும் சொல்லவில்லையே. என் சிக்கல் இதற்கு நேர்மாறானது: ஓடிஎக்ஸ் இயங்குகிறது என்று மாதக்கணக்கில் நம்பியிருந்தேன், ஆனால் ஒருநாளும் இயங்கவில்லை. கோப்புகளின் வழியில் குறுக்கே நிற்கும் ஃபில்டர் டிரைவர்களைப் பட்டியலிடும் எஃப்எல்டிஎம்சி இன்ஸ்டன்சஸ் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது, ஓடிஎக்ஸை ஆதரிப்பதற்கு அடையாளமாக 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் பேக்கப் மென்பொருளின் ஃபில்டர் டிரைவருக்கு நேரே 0 என்றிருந்தது. அந்த ஒற்றைப் பூஜ்ஜியத்தால் எல்லா நகல்களும் சத்தமில்லாமல் பழைய வழியிலேயே, சர்வர் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தன; பிழைச்செய்தி என்று ஒரு வரிகூட வரவில்லை.

லன்மாஸ்டர்:
நான் விஎம்வேர் ஆள். ஓடிஎக்ஸைப் போலவே வேலையை ஸ்டோரேஜிடம் விடும் விஏஏஐ, 2010-இல் அவர்களின் இஎஸ்எக்ஸ் 4.1 உடன் வந்ததிலிருந்து அதைப் பயன்படுத்துகிறேன். டெம்ப்ளேட்டிலிருந்து (மாதிரி மெய்நிகர் கணினி) குளோன், அதாவது நகல், எடுக்க எப்போதும் சில நிமிடங்களே ஆகும். ஒருமுறை மட்டும் மணிக்கணக்கில் இழுத்தது. குளோன் போய்ச் சேரும் டேட்டாஸ்டோர் (சேமிப்பிடம்) வேறொரு அரேயில் (ஸ்டோரேஜ் பெட்டி) இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். விஏஏஐயின் நகல் கட்டளையான எக்ஸ்காப்பி ஒரே அரேக்குள்தான் நடக்கும் என்பதால், ஹோஸ்ட் சர்வரே சுமந்திருக்கிறது. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியிருக்கும் இருவருக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். முதலாமவர், பெரிய நகல்களைப் பணி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாதென்றால் ரெஜிஸ்ட்ரியில் ஃபில்டர் சப்போர்ட்டட் ஃபீச்சர்ஸ் மோட் என்பதை 1 ஆக்கி ஓடிஎக்ஸை நிறுத்திவிடலாம். இரண்டாமவர், ஃபில்டரோடு நின்றுவிடாமல் கோப்புகளையும் பார்க்கட்டும்: 256 கேபிக்குக் குறைந்த கோப்புகளுக்கும், பிட்லாக்கர் பூட்டிய வால்யூம்களுக்கும், சுருக்கிய கோப்புகளுக்கும் ஓடிஎக்ஸ் பொருந்தாது. விஎம்வேரில் இருப்பவர்கள் இஎஸ்எக்ஸ்டாப் என்ற கண்காணிப்புக் கருவியில் குளோன் கவுண்டர்களைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்டோரேஜிடம் போன வேலை அங்கே எண்ணாகத் தெரியும். எக்ஸ்காப்பி ஒரு தடவைக்கு அனுப்பும் அளவு இயல்பாக 4 எம்பி. அதை 16 வரை கூட்டலாம், ஆனால் ஸ்டோரேஜ் நிறுவனத்தைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இரவுப்பணி:
நிறுத்துவது எப்படி என்று நான் கேட்கவில்லை. வேகத்தின் மீதும் எனக்குக் குறையில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த வரைபடங்கள் எல்லாம் சர்வரின் வரைபடங்கள், வேலை நடந்ததோ அவற்றின் கண்ணுக்கு எட்டாத இடத்தில், உறுத்துவது அதுதான். மறுநாள் காலை டேட்டாபேஸ் பொறுப்பாளரிடம் நேரில் போய், தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியானால் தம்பி, போன மாதம் இரண்டு தடவை நின்றதும் இதனால்தானா?" என்று மட்டும் கேட்டார். அந்த இரவுகளில் யார் எதை நகலெடுத்தார்கள் என்பதற்கு எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை.